கழுவிக்கொண்டு வந்த கால்கள்

தலையான பாவங்கள் ஏழும் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? ஞானோபதேச வகுப்பில் என்னோடு பாயில் உட்கார்ந்து ராகம் போட்டுச் சொன்னவர்களைத்தான் கேட்கிறேன். ஆங்காரம், லோபித்தனம், மோகம், கோபம், போஜனப்பிரியம், காய்மகாரம், சோம்பல். காய்மகாரம் வரும்போது நான் மட்டும் குரலை இறக்கிக்கொள்வேன். அடுத்தவருக்கு நல்லது நடந்தால் நம் வயிறு எரிவதுதான் காய்மகாரம் என்று உபதேசியார் விளக்கினார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. காலையில் நான் எழுந்திருக்கும்போதே அதுவும் எழுந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

இப்போது நாமெல்லாம் முட்டிவலிக்காரர்கள். தவக்காலத் தியானத்துக்குப் போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எனக்கெல்லாம் யார் மேலயும் பொறாமையே கிடையாதுப்பா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். போன வாரம் நம்மில் ஒருத்தி அப்படிச் சொன்னாள். சொன்ன கையோடு, என் மருமகள் வாங்கிய ஃப்ரிட்ஜ் எத்தனை லிட்டர் என்று கேட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

என் பொறாமைக்கு ஓர் ஆள் இருந்தாள். பெரியப்பா மகள். என்னைவிடச் சில மாதங்கள்தான் மூத்தவள். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். அந்தச் சில மாதங்களுக்காகவே எனக்கு அவளைப் பிடிக்காது. பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். காரைக்காலில் அப்படிப்பட்ட வீடுகளை சொல்தா வீடு என்பார்கள். டவுனில் மாடிவீடு. கூடத்தில் கறுப்பும் வெள்ளையுமாகத் தரைக்கல் பதித்திருக்கும். சித்திரை வெயிலிலும் அந்தத் தரை சில்லென்றிருக்கும். போனால் நான் செருப்பில்லாத காலை அதில் வைத்துக்கொண்டே நிற்பேன். "உக்காரேன்" என்பாள் அக்கா. உட்கார மாட்டேன். கால் வழியாக ஏறுகிற அந்தக் குளிர்ச்சியில் எனக்குப் பங்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டு நிற்பேன்.

அவளிடம் ஒரு செபமாலை இருந்தது. கண்ணாடி மணி. வெயில் பட்டால் அவள் கவுனில் நீலமும் சிவப்புமாகப் புள்ளி விழும். என்னுடையது கோயில் வாசலில் விற்கிற மரமணி மாலை, சாயம் கையில் ஒட்டும். அவள் அருள் நிறைந்த மந்திரம் சொல்லும்போது மாதாவுக்கு அவள் குரல்தான் முதலில் கேட்கும் என்று நான் நிச்சயமாக நம்பினேன். சிரிக்காதீர்கள். நீங்களும் அப்படித்தான் நம்பினீர்கள்.

எங்கள் வீடு தலத்தெருவில். கீற்றுக் கொட்டகை. அப்பாவுக்குக் கோட்டுச்சேரி பக்கம் ஒரு ரைஸ் மில்லில் வேலை. அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் கொட்டிப் பரப்பிக் காயவைப்பது. ஈரம் சமமாகக் காய வேண்டுமென்றால் அடிக்கடி கிளறிவிட வேண்டும். அப்பாவும் மற்றவர்களும் அதைக் காலாலேயே செய்வார்கள். காலைத் தூக்காமல், தரையோடு இழுத்து இழுத்து நடப்பார்கள். இரண்டு பக்கமும் நெல் விலகி, வயலில் சால் ஓட்டினாற்போல் கோடு விழும். மேலே வெயில், கீழே கொதிக்கிற சிமெண்டு, நடுவில் நெல்லின் ஆவி. செருப்புப் போடக் கூடாது, நெல் உடையும். வருஷக்கணக்கில் நடந்து அப்பாவின் பாதம் பாதமாகவே இல்லாமல் போயிருந்தது. ஓரமெல்லாம் கறுத்து, குதிகால் வெடித்து, வெடிப்புக்குள் உமித்தூள் ஏறி மஞ்சளாக நிற்கும். அவர் பாயில் புரண்டால் பாய் கீறுகிற சத்தம் கேட்கும்.

இனி கோயிலில் நடந்த ஒரு நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன்.

பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். சேசுநாதர் கடைசி இராப்போசனத்தில் சீடர்களுக்குக் கழுவியதுபோல. எல்லாரையும்விடத் தாழ்ந்து நிற்கச் சொல்லிக் கொடுத்த சடங்கு அது. நம் ஊரில் அதையே அந்தஸ்தாக்கி வைத்திருந்தோம். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி. யார் வீட்டு ஆண்பிள்ளை எந்த நாற்காலியில் என்பதில் சண்டை. ஒருமுறை இடம் கிடைத்தவர் செத்தால்தான் காலியாகும். பெரியப்பாவுக்கு மாதா சுரூபத்தை ஒட்டிய முதல் நாற்காலி. வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, நெஞ்சில் மெடல். வலது காலை மட்டும் நீட்டுவார். சாமியார் தண்ணீர் ஊற்றித் துடைத்து, உதடு பதித்து முத்தி செய்வார். அக்கா முன்வரிசையிலிருந்து திரும்பி நான் பார்க்கிறேனா என்று பார்ப்பாள்.

இன்னொரு கூத்தும் உண்டு. கால் கழுவப்படப் போகிறவர்கள் எல்லாரும் வீட்டிலேயே காலை நன்றாகக் கழுவிக்கொண்டு வருவார்கள். நகம் வெட்டி, அழுக்கெடுத்து, எண்ணெய் பூசி, பவுடரும் போட்டிருப்பார்கள். சாமியார் கழுவுகிற தண்ணீர் ஊற்றியபடியே தெளிவாகப் பாத்திரத்தில் நிற்கும். அந்தத் தண்ணீரில் ஒரு துளி அழுக்கை நான் பார்த்ததில்லை.

நான் ஞானோபதேச வகுப்பில் இருந்தபோது, ஒரு தவக்காலத்தில் புதிதாக ஒரு சாமியார் வந்திருந்தார். ஒல்லி. சைக்கிளில் வெயிலில் சுற்றுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், இந்த வருஷம் பழைய பன்னிரண்டு பேர் இல்லை, நானே புதிதாகப் பார்த்துச் சொல்கிறேன் என்று அறிவித்தார். ஆண்கள் பக்கத்தில் நாற்காலிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் உபதேசியார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உபதேசியார் என்றால் கோயிலில் மந்திரம் சொல்லி வைப்பவர், நமக்குப் பாடம் எடுத்தவர். அதுவரை எங்கள் வீட்டுக்கு அவர் வந்ததில்லை.

"சாமியார் ஒங்க பேரச் சொல்லியிருக்காருங்க" என்றார் அப்பாவிடம். குரலில் சந்தோஷம் இல்லை. "மில்லுப் பக்கமா போனப்ப ஒங்களக் களத்துல பாத்தாராம்."

"நானா? தப்பா எழுதியிருக்கப் போறாரு. அண்ணன் பேரா இருக்கும்."

"ஒங்க பேருதான். நானும் ரெண்டு தடவ கேட்டுட்டேன்."

அவர் போனதும் அம்மா விளக்கை எடுத்து வந்து அப்பாவின் காலருகே வைத்தாள். குனிந்து பார்த்தாள். "கடவுளே" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தவக்காலம் அப்பாவின் காலைச் சுற்றித்தான் நடந்தது. வேலையிலிருந்து வந்ததும் வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவைப்பாள் அம்மா. பிறகு காலைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சொரசொரப்பான கல்லால் தேய்ப்பாள். விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்து வெடிப்புக்குள் அப்புவாள். வீடெல்லாம் விளக்கெண்ணெய் நாற்றம். மறுநாள் களத்தில் நடந்து அத்தனையையும் அப்பா தொலைத்துவிட்டு வருவார்.

"கொஞ்சம் பாத்து நடக்கக் கூடாதா?"

"நெல்லு மேல எப்படிடி பாத்து நடக்கறது? பறந்தா போவ முடியும்?"

"பறந்துதான் போங்களேன். சாமியாரு வாய வைக்கப் போற காலு."

மில் முதலாளி மரைக்காயர்கூட விஷயம் கேள்விப்பட்டு, அந்த வியாழக்கிழமை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெள்ளை வேட்டி ஒன்று கஞ்சி போட்டுத் தயாரானது. நான் தெருவில் நடக்கிற நடையே மாறிப்போயிற்று. ஞானோபதேச வகுப்பில் அக்காவுக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதில் எனக்கு இருந்த இன்பத்தைச் சொல்லி முடியாது. என் காய்மகாரம் செத்துவிட்டது என்று நினைத்தேன். அது சாகவில்லை. இடம் மாறி உட்கார்ந்து கறிச்சோறு தின்றுகொண்டிருந்தது.

குருத்து ஞாயிறு மத்தியானம் பெரியப்பா வந்தார், அக்காவையும் கூட்டிக்கொண்டு. வாசலில் செருகியிருந்த குருத்தோலை அவர் தலையில் இடித்தது. குனிந்து வந்தார். அவர் குனிந்ததை நான் பார்த்தது அன்றுதான்.

"என்ன தம்பி, சாமியாரு ஒம் பேரச் சொல்லிட்டாராமே."

"ஆமாண்ணே. நான் போயிக் கேக்கல. அவராத்தான்."

"நல்லது, நல்லது. எனக்கும் வயசாவுதுல்ல. எத்தன வருஷந்தான் நானே உக்காந்துகிட்டிருக்கறது."

அம்மா ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. அப்பாவின் காலைப் பார்த்தார். பையிலிருந்து ஒரு சோப்புக் கட்டியை எடுத்தார். பூப்படம் போட்ட தாள், தாளைப் பிரிக்கும் முன்பே மணம் வந்தது.

"இதப் போட்டுத் தேச்சுக்க. பிரான்சுலேருந்து வந்தது. நம்ம குடும்பத்துக் காலு, ஊரே பாக்கும் பாரு."

"எங்க வூட்லயும் சோப்பு இருக்குங்க" என்றாள் அம்மா.

அக்கா என் காதுக்குள் சொன்னாள். "எங்கப்பா நேத்துலேருந்து சாப்புடலடி." அவள் கண் சிவந்திருந்தது. எனக்கு அது பாயசம் குடித்ததுபோல் இருந்தது. இன்னும் ஒரு டம்ளர் கிடைக்குமா என்று பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஆடிக்கொண்டிருந்தது. சோப்பை நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

அப்பா சோப்பை வாங்கவில்லை. "அண்ணே, நீங்களே உக்காருங்க. எனக்கு அன்னைக்கு மில்லுல வேல இருக்கும்" என்றார்.

பெரியப்பா, "சேச்சே, அதெப்படி" என்றார். ஒரே ஒருமுறைதான் சொன்னார். அப்புறம், "சரி, நீ இவ்வளவு தூரம் சொல்றப்ப" என்றார். இவ்வளவு தூரமெல்லாம் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது அவர் முதுகு நிமிர்ந்துவிட்டது. குருத்தோலையைக் கையால் விலக்கிவிட்டுப் போனார்.

அம்மா அந்தக் கல்லை எடுத்துக் கொல்லையில் வீசினாள். "இத்தன நாளா இந்தக் கால மடியில வச்சித் தேச்சனே, எதுக்கு? சொல்லுங்க. பயந்தாங்கொள்ளிக்கு எதுக்கு வெள்ள வேட்டி?"

"காலு சுத்தமாச்சுல்ல. வுடு" என்றார் அப்பா.

அம்மா அதைப் பயம் என்றாள். பெரியப்பா மரியாதை என்று எடுத்துக்கொண்டார். உபதேசியார் காதுக்குப் போனதும் அவர் பட்டியலில் ஆளை மாற்றிவிட்டு, அதற்குத் தாழ்ச்சி என்று பேர் வைத்துவிட்டார். "அண்ணனுக்கு விட்டுக்குடுத்துட்டாரு பாருங்க, அதாங்க தாழ்ச்சி" என்று கோயில் வாசலில் எல்லாரிடமும் சொன்னார். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது. இன்றும் வருகிறது. நம் கோயிலில் தாழ்ச்சியை யாருக்குப் போதிக்கிறார்கள் என்று எண்ணிப்பாருங்கள். ஏற்கெனவே கீழே கிடப்பவனுக்குத்தான். மேலே இருப்பவன் ஒரு படி இறங்கினால் அது செய்தி. கீழே இருப்பவன் கிடந்த இடத்திலேயே கிடந்தால் அது புண்ணியம்.

புனித வாரத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் ஒவ்வொருவராகப் போய்ப் பாவத்தைச் சொல்வது. நான் வரிசையில் நின்றபோதே முடிவு செய்துவிட்டேன். மரச்சல்லடைக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டேன். அந்தப் பக்கம் சாமியாரின் காதும் நரைத்த கிருதாவும் மட்டும் தெரிந்தன. வியர்வையும் கஞ்சித் துணியும் கலந்த வாடை.

"காய்மகாரம் சாமி."

"எத்தன தடவ?"

"எப்பவும்."

காது கொஞ்சம் அசைந்தது. "யாரு மேல?"

கொட்டிவிட்டேன். செபமாலை, தரைக்கல், நாற்காலி, சோப்பு, அப்பாவுக்கு அன்றைக்கு வேலையில்லை என்பது, எல்லாம். "பெரியப்பாவ அந்த நாற்காலியிலேருந்து நீங்க எழுப்பிடணும் சாமி" என்று முடித்தேன்.

காது சல்லடையை நெருங்கி வந்தது. பிறகு, "இதுல ஒன் பாவம் எது, பெரியப்பா பாவம் எது?" என்றார்.

"பெரியப்பாவுதுதான் நெறைய."

"அத அவரு வந்து சொல்லட்டும். நீ ஒன்னோடத மட்டும் சொல்லு."

"என்னோடது காய்மகாரம். மொதல்லயே சொல்லிட்டேனே."

அவர் சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. பரலோக மந்திரம் ஒன்றே ஒன்று அபராதமாகக் கொடுத்தார். "ஒண்ணுதானா?" என்றேன். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் பத்துப் பத்தாகக் கிடைத்திருந்தது. அதிலும் எனக்குக் குறை. "ஒண்ணு போதும். மெதுவாச் சொல்லு" என்றார். எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல என்ற இடம் வந்ததும் நான் மெதுவாகவெல்லாம் சொல்லவில்லை. ஓடிக் கடந்துவிட்டேன்.

ஆனால் வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. பாவம் போனதால் அல்ல. புகார் கொடுத்தாயிற்று, இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் உயிரே போனாலும் வெளியில் சொல்லக் கூடாது என்று உபதேசியார் நமக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். எனக்கும் தெரியும். வாயால்தான் சொல்லக் கூடாது என்று நான் புரிந்துவைத்திருந்தேன். கையால் ஒரு நாற்காலியை நகர்த்துவதற்கு என்ன தடை? பேசாமல் வந்து பெரியப்பாவின் தோளைத் தொட்டு எழுப்பிவிட்டு, அப்பாவைக் கைகாட்டிக் கூப்பிட்டால் போதுமே. அப்படித்தான் நடக்கப் போகிறது என்று வியாழக்கிழமை வரை காத்திருந்தேன். அந்த வெள்ளை வேட்டியையே கட்டிக்கொண்டு வரச் சொல்லி அப்பாவை நச்சரித்தேன். அவரும் கட்டிக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கோயில் நிறைந்திருந்தது. வானவர் கீதத்துக்கு மணியெல்லாம் ஒருசேர அடித்து ஓய்ந்தது. அதன்பிறகு உயிர்ப்புப் பூசை வரை மணி கிடையாது, மரத்தட்டையைத் தட்டுவதுதான். புதிதாக வந்த பதினோரு பேரும் கூசிக் கூசி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கொத்தனார், ஒரு ரிக்‌ஷாக்காரர், அரசலாற்றில் வலை போடுகிற ஒருவர். அவர்களுக்கு நடுவில் மெடலோடு பெரியப்பா. உபதேசியார் மைக்கில், ஒரு தம்பி அண்ணனுக்காகத் தன் இடத்தை விட்டுக்கொடுத்த தாழ்ச்சியைப் பற்றிச் சொன்னார். தலைகள் திரும்பின. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு காலாகக் கழுவினார். பெரியப்பாவிடம் வந்தார். முட்டிபோட்டார். தண்ணீர் ஊற்றினார். துடைத்தார். எல்லார் காலையும் முத்தி செய்ததுபோலவே அந்தக் காலையும் முத்தி செய்தார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எழுந்து அடுத்த காலுக்குப் போய்விட்டார்.

கோழை என்று தீர்மானித்துவிட்டேன். பெரிய மனுஷனுக்குப் பயந்த சாமியார். பெரியவளாகிக் கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்ற பிறகும் அவரை நினைத்தால் எனக்கு வாய் கசக்கும். என் வாயால் கேட்ட ஒன்றுக்காக ஒரு புருவத்தைக்கூட அவர் தூக்கக் கூடாது, ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தக் கூடாது, அந்த ரகசியத்துக்குள் கையும் அடக்கம் என்பது எனக்கு மண்டையில் ஏற எத்தனையோ வருஷம் ஆயிற்று. வேறு எங்கே வைத்து அதைச் சொல்லியிருந்தாலும் அவர் ஏதாவது செய்திருக்கலாம். அவர் ஒன்றுமே செய்ய முடியாத ஒரே இடத்தில் போய் நான் சொல்லியிருக்கிறேன்.

பெரிய சனிக்கிழமை மில் ஓடியது. அம்மா தூக்குவாளியில் கஞ்சி கொடுத்து அனுப்பினாள். நான் போனபோது அப்பா களத்தில் தனியாகக் கிளறிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் நெல் அவிக்கிற தொட்டிப் பக்கம் இருந்தார்கள். அம்மா தேய்த்துத் தேய்த்து மெலிந்திருந்த தோலில் புதிதாகக் கொப்புளம் கிளம்பியிருந்தது. நொண்டிக்கொண்டு சால் இழுத்தார்.

"ஏம்ப்பா விட்டுக்குடுத்தீங்க?" என்றேன். கஞ்சியைக்கூட நீட்டவில்லை.

"ஏன், ஒங்க உபதேசியாருதான் மைக்குல சொன்னாரே."

"தாழ்ச்சின்னாரு."

"தாழ்ச்சியுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல." நிழலுக்கு வந்து உட்கார்ந்து காலை ஊதிக்கொண்டார். "சாமியாரு பேரச் சொன்ன அன்னைலேருந்து எனக்கு மனசுல ஒரே படந்தான் பாப்பா. நான் நாற்காலியில உக்காந்திருக்கேன். அண்ணன் கீழ நிக்கிறாரு. அந்தப் படத்துல சேசுநாதரு எங்கயுமே இல்ல."

நான் தூக்குவாளியைத் திறந்து அவரிடம் நீட்டினேன்.

"அன்னைக்கு அவரு வந்து மொகம் செத்துப்போய் நின்னாரு பாரு. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? சின்ன வயசுலேருந்து எல்லாமே அவருக்குத்தான். அத மனசுல வச்சிக்கிட்டு சாமியாருகிட்ட எப்படிக் கால நீட்டறது? மொதல்ல மனசு சுத்தமாவட்டும், அப்பறம் உக்காரலாம்னு வுட்டுட்டேன்."

எனக்கு முதலில் வந்தது ஆச்சரியம். அந்த வீட்டில் என் ஒருத்தி வயிறுதான் எரிகிறது என்று நினைத்திருந்தேன். அதே நெருப்பு அதே கூரைக்குக் கீழே இன்னொருவரிடமும் இருந்திருக்கிறது. அவர் மடியில் போய் உட்கார வேண்டும்போல இருந்தது. அந்த வயதுக்கு வெட்கமாகவும் இருந்தது. அப்புறம் கோபம் திரும்பி வந்தது.

"யூதாஸ் அன்னைக்கு அங்கதானே உக்காந்திருந்தான்?"

"எங்க?"

"சேசுநாதர் கால் கழுவுனப்ப. அதுக்கப்பறந்தானே அவரக் காட்டிக்குடுக்க எழுந்திரிச்சுப் போனான். உபதேசியார் சொன்னாரு."

"ஆமா."

"அப்ப அவனுக்கும் கழுவியிருக்காரா, இல்லியா?"

அப்பா கஞ்சியை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"கழுவியிருக்காரு" என்றார்.

"அவன் மனசுல என்ன இருந்துச்சு அப்ப?"

அவர் கஞ்சியைக் கீழே வைத்தார். களத்தைப் பார்த்தார். அவர் இழுத்த சால்களில் நெல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பிறகு திடீரென்று சிரித்தார், பல்லெல்லாம் தெரிய. "எனக்கு இது தோணலியே பாப்பா. யூதாசுக்கே கழுவுனாருன்னா, எங்கண்ணன நெனச்சு வயிறெரிஞ்சவனுக்குக் கழுவ மாட்டாரா?" என்றார். எழுந்து களத்தில் இறங்கினார். "சரி, அடுத்த வருஷம் கேட்டா உக்காந்துர்றேன். போ, அம்மாகிட்ட சொல்லு."

அடுத்த வருஷம் யாரும் கேட்கவில்லை. அந்தச் சாமியாரை மழைக்காலத்துக்கு முன்பே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்து வந்தவர், பழையபடியே செய்யுங்கள் என்று உபதேசியாரிடம் விட்டுவிட்டார். பழைய நாற்காலி, பழைய ஆட்கள். பெரிய வியாழனுக்கு முந்தின ஞாயிறு பெயர்களை வாசிப்பார்கள். வாசிக்க ஆரம்பிக்கும்போது அப்பாவின் தலை நிமிரும். பன்னிரண்டாவது பெயர் முடிந்ததும் இறங்கும். சாகிற வரைக்கும் அப்படித்தான். தானாகப் போய்க் கேட்க அவருக்குத் தெரியாது. ஒருமுறை வேண்டாம் என்று சொன்னவனைத் தாழ்ச்சிக்காரன் என்று தீர்மானித்துவிட்டால், நம் ஆட்கள் அப்புறம் அவனை எதற்கும் கூப்பிடுவதில்லை.

பெரியப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அக்கா பிரான்சில் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒருமுறை வந்தபோது சொன்னாள். பட்டாளத்தில் அவர் துப்பாக்கி பிடித்ததைவிட ஆபீசர்களுக்கு பூட்ஸ் துடைத்ததுதான் அதிகமாம். முட்டிபோட்டு, அவர்கள் காலில் போட்டிருக்கும்போதே துடைக்க வேண்டுமாம். அந்த மனுஷனுக்கு வருஷத்தில் ஒருநாள், ஒருவர் தன் காலடியில் முட்டிபோடுகிற நாற்காலி எப்படி இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. நான் அவரை ராஜா என்று நினைத்துப் பொறாமைப்பட்டேன். புரிந்ததால் என் வயிறு ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆறவில்லை. புரிவது வேறு, ஆறுவது வேறு.

உபதேசியார் நமக்கு மனசைச் சோதிக்கச் சொல்லிக் கொடுத்தார், சரி. ஆனால் மனசைச் சுத்தம் செய்துகொண்டு அப்புறம் கடவுளிடம் வா என்றும் நம் தலையில் ஏற்றிவிட்டார்கள். நாம் வீட்டிலேயே கழுவித் துடைத்துப் பவுடர் போட்ட மனசைக் கொண்டுபோய் நீட்டுகிறோம். சேசு ஊற்றுகிற தண்ணீர் தெளிவாகவே வடிகிறது. நாமும், பொறாமையே கிடையாதுப்பா என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். அந்த இராப்போசனத்தில் சீடர் பேதுரு காலை இழுத்துக்கொண்டபோது, அப்படியானால் உனக்கும் எனக்கும் உறவில்லை என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். அப்பா காலை இழுத்துக்கொண்டபோது அப்படிச் சொல்ல எங்கள் கோயிலில் ஒருவரும் இல்லை. எல்லாரும் பாராட்டினார்கள்.

போன செவ்வாய்க்கிழமை இப்போதைய ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். சின்னப் பையன், என் கடைசி மகன் வயது. இப்போதெல்லாம் பெண்களையும் உட்காரவைக்கிறார்கள். "அம்மா, இந்தப் பெரிய வியாழனுக்குப் பன்னெண்டு பேர்ல நீங்களும் இருக்கணும்" என்றார்.

"வேற யாரு ஃபாதர்?"

முதல் பெயராக அக்காவைச் சொன்னார். அவள் புருஷன் செத்த பிறகு பிரான்ஸ் வேண்டாமென்று மாடிவீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறாள். வந்து கிறிஸ்துமஸ்கூட இன்னும் இங்கே கொண்டாடவில்லை. நான் கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கோயிலைப் பெருக்குகிறேன். காலையிலிருந்து திராட்சைத் தோட்டத்தில் வெயிலில் மாடாக உழைத்தவனுக்கும், பொழுதுசாய வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த கதை ஞாபகம் வந்தது. காலையிலேயே வந்தவன் முணுமுணுத்தான் அல்லவா? அவன் பக்கம்தான் நான்.

"எனக்கெல்லாம் தகுதியில்ல ஃபாதர், வேற யாரையாவது பாருங்க." இது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நம் வாய்க்குப் பழகிப்போன வாக்கியம். சொல்லியிருந்தால் அவரும் தாழ்ச்சி என்று எழுதிவைத்துக்கொண்டிருப்பார்.

"வர்றேன் ஃபாதர்" என்றேன்.

"அவங்க ஒங்க பெரியப்பா மகளாமே. பக்கத்துப் பக்கத்துலயே போட்டுடட்டுமா, இல்ல தள்ளிப் போடவா?" என்று கேட்டார். அவரிடம் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள்.

"பக்கத்துலயே போடுங்க."

வியாழக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் இந்த எரிச்சல் அணையப் போவதில்லை, எனக்கு என்னைத் தெரியும். எரிந்துகொண்டேதான் போய் உட்காருவேன். காலை நீட்டுவேன்.